பத்துப் பொருத்தமும் விண்டோஸ் பதினொன்றும்

“என்னுங்க தம்பி, பொருத்தம் இல்லைன்னு சொல்லுதுங்களா?”

மகுடேஸ்வரன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையின் மேல் குனிந்தார். திரையில் இருந்த செய்தி சுருக்கமாகவும் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவும் இருந்தது. புது விண்டோஸ் பதினொன்றை ஏற்கும் தகுதி இந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லையாம்.

“அப்படி இல்லீங்க ஐயா. பழைய கம்ப்யூட்டருங்களா, உள்ள ஏதோ ஒரு சிப்பு இல்லைன்னு மொறைக்குது” என்றான் தரணீதரன்.

“பரிகாரம் ஏதாச்சும் இருக்குங்களா?”

“இருக்குதுங்க. முடிச்சரலாமுங்க.”

‘முடிச்சரலாமுங்க’ என்பது தரணீதரனோடு கூடப் பிறந்த சொல். அவிநாசிபாளையத்தில் அவன் காலர் பின்னும் கம்பெனி வைத்திருந்தான். டிசைனை பென் டிரைவில் ஏற்றி மெஷினில் சொருகினால் போதும், மறுபக்கம் காலர் வரும். உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் அடிப்படையில் காலர் மெஷின்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இதுவரை யாரும் அவனை மறுத்துச் சொன்னதில்லை.

பரிகாரத்தையும் முந்தின நாளே பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். யூடியூபில் ஒருவர் இந்தியில் விளக்கியிருந்தார். தரணீதரனின் இந்தி, தன் கம்பெனி பீகார் பையன்களிடம் ‘ஜல்தி’ என்று சொல்லும் அளவுக்கானது. இருந்தாலும் அந்த ஆள் முகத்தில் தெரிந்த தெளிவைப் பார்த்தே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பெருமாநல்லூரில் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனி மாடியிலேயே அவர் வீடு. அங்கேதான் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். பேக்கிங் செக்‌ஷனில் பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற அதற்கு இப்போது ஒரே ஒரு வேலைதான். மகுடேஸ்வரனின் ஒரே மகள் ஜனனிக்காகச் சேர்த்த மாப்பிள்ளை ஜாதகங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தரகர்கள் ஜாதகம் அனுப்புவார்கள், போட்டோ அனுப்புவார்கள். இப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுத் தென்னந்தோப்பை டிரோனில் சுற்றிச் சுற்றி எடுத்த வீடியோவும் வருகிறது. காலையில் சாமி கும்பிட்டதும் அவர் அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். “இன்னும் நல்லதா வருமுங்க” என்று சொல்லி மூடிவைப்பார்.

கொஞ்ச நாளாக ஒரு தொந்தரவு. அவர் எந்த ஜாதகத்தைத் திறந்தாலும், இந்த விண்டோஸின் காலம் முடிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு திரை முழுக்க வந்து நின்றது.

“நல்ல காரியத்துக்குப் பையனப் பாக்கறப்ப, முடிஞ்சுபோச்சு முடிஞ்சுபோச்சுன்னு சொன்னா எப்படீங்க?” என்று அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த ஜாதகக் கூட்டத்துக்குள் தரணீதரனுடையதும் இருந்தது. இரண்டு வருஷமாக இருக்கிறது. பத்துக்கு ஆறு பொருத்தம். ஆறு என்பது குறைவில்லைதான். ஆனால் ஒன்பது வராமலா போய்விடும் என்று மகுடேஸ்வரன் காத்திருந்தார். ஓவர்லாக் தையல் மெஷின் வாங்குவதற்குக்கூடச் சாமியிடம் பூ போட்டுக் கேட்கிற மனிதர், மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் சாமியைத் தொந்தரவு செய்யாமல் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரணீதரனுக்கோ ஜனனியைத் தவிர வேறு நினைப்பில்லை. அவள் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில், ஆர்டருக்கான சாம்பிள்களை வாங்கி அனுப்பும் மெர்ச்சண்டைசர். காலர் சாம்பிளுக்காக அடிக்கடி போன் செய்வாள். “நாளைக்குள்ள ஆகுமுங்களா?” என்பாள். “முடிச்சரலாமுங்க” என்பான். இரண்டு வருஷமாக அவர்கள் பேசியது இவ்வளவுதான். ஆனால் அந்த ‘ஆகுமுங்களா’வை அவன் எத்தனையோ இரவுகள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறான்.

முந்தின நாள் தரகர் சுப்பண்ணன் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

“அவுங்க ஊட்ல கம்ப்யூட்டர் மாத்தோணுமாம் கண்ணு. உன்ற பேரு அடிபட்டுது. யாரு சொன்னா எவரு சொன்னான்னு கேக்காத, போயிட்டு வா. எதுக்கும் ஜாதகத்துல ஒரு நகல் சட்டைப் பையில இருக்கட்டும்.”

அதனால்தான் வந்திருந்தான். இந்த ஒரு கம்ப்யூட்டரை ஒழுங்காக மாற்றிக் கொடுத்தால் ஆறு பொருத்தம் ஒன்பதாகும். சொதப்பினால் இருக்கிற ஆறும் போகும். இது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவன் தயங்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

“மொதல்ல ஜாதகத்தையெல்லாம் வேற ஒண்ணுல காப்பி எடுத்து வெச்சரலாமுங்க” என்று ஆரம்பித்தான். முறையான ஆரம்பம்தான். ஆனால் காப்பி எடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது கம்ப்யூட்டர்.

மகுடேஸ்வரன் சுவரில் இருந்த தேதிக் காலண்டரைப் பார்த்துப் பதறினார். “வெள்ளிக்கிழமைங்க இன்னைக்கு. பத்தேகாலோட நல்ல நேரம் முடியுது. அதுக்கப்பறம் ராகு காலம்!”

அந்த நேரத்தில் ஜனனி டீ கொண்டுவந்தாள். அம்மா குழந்தையம்மாள் ஊத்துக்குளிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்ததால் இன்று அவள் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். நேரில் பார்த்ததும் தரணீதரனுக்கு டம்ளரை எந்தக் கையால் வாங்குவது என்பதே மறந்துபோனது.

“ஏனுங்கப்பா, ஆரம்பிக்கறது நல்ல நேரத்துல இருந்தாப் போதுமல்லங்க? காப்பியெல்லாம் அப்பறம் எடுத்துக்கலாம்” என்றாள் அவள்.

“அதுவும் சரிதான் கண்ணு. என்னுங்க தம்பி, காப்பி எடுக்காம பண்ணலாமுங்களா?”

தரணீதரன் ஜனனியைப் பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை.

“தாராளமா பண்ணலாமுங்க. உள்ள இருக்கறது அப்படியே இருக்கட்டும்னு ஒரு பட்டன் இருக்குதுங்க. அதை அமுக்கினா முடிஞ்சுது.”

பத்தேகாலுக்கு முன்பே கம்ப்யூட்டருக்கு விபூதி பூசி, பட்டனை அமுக்கியாகிவிட்டது. பரிகாரம் பலித்தது. தகுதியில்லை என்று முறைத்த கம்ப்யூட்டர் இப்போது வாயை மூடிக்கொண்டு வேலை செய்தது. தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

முப்பது சதவீதம் வந்தபோது மகுடேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தம்பி, ராகு காலம் பொறந்துருச்சுங்க.”

“ஆரம்பிச்சது நல்ல நேரத்துலதானுங்களே.”

“நல்ல நேரத்துல கெளம்பி ராகு காலத்துல போய்ச் சேந்தா அது எந்தக் கணக்குலீங்க வரும்?”

இதற்கு அந்த இந்தி வீடியோவில் பதில் இல்லை. மகுடேஸ்வரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால்தானே பாவம் என்று பக்கத்துச் சாமி அறைக்குள் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். அதே நேரம் தரணீதரனுக்கு அவன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. டிசைன் பென் டிரைவ் எங்கே என்று பீகார் பையன் கேட்டான். பரிகாரத்தை ஏற்றுவதற்காக அதில் இருந்த டிசைன்களை அழித்துவிட்டோம் என்பது தரணீதரனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. “ஜல்தி, ஜல்தி” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே அவன் மொட்டைமாடிக்குப் போனான். டீ டம்ளரை எடுக்க ஜனனி கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள்.

தரணீதரன் திரும்பி வந்தபோது திரை இருட்டாக இருந்தது.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓடும் சத்தமும் கேட்டது. சுவரில் கம்ப்யூட்டருக்கான சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தது. தரணீதரன் சுவிட்சைப் பார்த்தான். பிறகு சாமி அறையைப் பார்த்தான். விஷயம் விளங்கியது. ராகு காலம் பொறுக்காமல் பெரியவர் வந்து அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமனார் ஆகப் போகிறவரிடம் ஏன் அணைத்தீர்கள் என்று கேட்பதா? கையைக் கட்டிக்கொண்டு சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றான்.

மகுடேஸ்வரன் வெளியே வந்தார். இருண்ட திரையையும், சுவிட்சுக்குப் பக்கத்தில் அடக்கமாக நிற்கும் பையனையும் பார்த்தார். அவருக்கும் விஷயம் விளங்கியது. தன் மனசறிந்து, ராகு காலம் போகட்டும் என்று பையன் நிறுத்தி வைத்திருக்கிறான்! அவர் கண்ணில் லேசாகத் தண்ணீர் கட்டியது.

“பெரியவங்க மனசறிஞ்சு நடக்கற பசங்க இந்தக் காலத்துல அபூர்வமுங்க தம்பி” என்றார்.

எதற்காகப் பாராட்டுகிறார் என்று தரணீதரனுக்குப் புரியவில்லை. ஆனால் பாராட்டு பாராட்டுதானே. “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க” என்றான்.

பன்னிரண்டு மணிவரை இருவரும் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராகு காலம் முடிந்ததும் கற்பூரம் காட்டி சுவிட்சைப் போட்டார்கள். நீலத் திரை வந்தது. அதில் உதட்டைப் பிதுக்கிய முகம் ஒன்று வந்தது.

“இது எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குது?”

“சித்த நேரத்துல சரியாயிருமுங்க.”

அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே முகம். பின்பக்கத்து வயர்களையெல்லாம் பிடுங்கித் துடைத்துச் சொருகிப் போட்டான். இப்போது முகமும் வரவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் வரை கோபித்துக்கொண்டாவது இருந்த கம்ப்யூட்டர், இப்போது பேச்சு வார்த்தையே இல்லை என்று உட்கார்ந்துவிட்டது.

தரணீதரன் ஓரமாகப் போய், திருப்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பன் ராஜ்கமலுக்குப் போன் போட்டான்.

“நடுவுல கரண்டு போச்சாண்ணா?” என்றான் ராஜ்கமல்.

“போன மாதிரிதான்.”

“அப்பப் பழைய விண்டோஸ் காலி. பென் டிரைவ்லயிருந்து புதுசாப் போட்ருங்க. உள்ள ரெண்டு பாகம் காட்டும். விண்டோஸ் இருக்கற பாகத்தை மட்டும் அழிச்சுட்டு அதுல போடுங்க. இன்னொண்ணுலதான் உங்க பைலெல்லாம் இருக்கும். அதுல கை வெச்சுராதீங்க.”

“எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“பாத்தாலே தெரியும்ணா” என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்பதாக ராஜ்கமல் போனை வைத்துவிட்டான்.

பார்த்தால் தெரியவில்லை. இரண்டு பாகமும் பெயரில்லாமல் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இதில் ஒன்றை அழிக்க வேண்டும்.

“பெருசுதானுங்க விண்டோஸ்” என்றான் தரணீதரன், ஒரு நொடிகூட யோசிக்காமல். “ஜாதகம்னா என்னுங்க, ஒரு காகிதம். அது எத்தன எடம் புடிக்கப் போகுது? பெருசை அழிச்சரலாமுங்க.”

“அழிச்சா திரும்ப வருமுங்களா?”

“வராதுங்க.”

மகுடேஸ்வரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அப்ப நாம முடிவு பண்ணக் கூடாதுங்க. சாமிகிட்டப் பூ போட்டுக் கேட்ரலாம். ஜனனி! கண்ணு, வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் தனித்தனியா மடிச்சுக் கொண்டா!”

கம்ப்யூட்டரில் எதை அழிப்பது என்று சாமியிடம் கேட்ட முதல் ஆள் மகுடேஸ்வரனாகத்தான் இருப்பார். தரணீதரனுக்கும் இதில் ஆட்சேபனை இல்லை. தான் சொன்னதைத்தான் சாமியும் சொல்லப் போகிறது என்று அவன் உறுதியாக இருந்தான்.

பூ சீக்கிரமே வந்துவிட்டது. காகிதத்தில் மடித்த இரண்டு பொட்டலங்களை ஜனனி சாமி படத்தின் முன்னால் வைத்தாள்.

“வெள்ளை வந்தா பெருசை அழிக்கலாம்னு வெச்சுக்கலாமா கண்ணு?”

“அழிக்கறதுக்குப் போய் வெள்ளை வெக்கலாமுங்களா அப்பா? வெள்ளைன்னா விட்றலாம், செவப்புன்னா அழிச்சரலாம். அப்படி வெச்சுக்குங்க.”

“அதுவும் நாயந்தான். ஊட்டுக் கன்னிப் பொண்ணு நீயே எடு கண்ணு.”

ஜனனி கண்ணை மூடிக் கும்பிட்டாள். நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். பிரித்தார். செக்கச் செவேல் என்று அரளிப் பூ.

“நான் அப்பவே சொன்னனுங்களே!” என்று தரணீதரன் பெரிய பாகத்தை அழித்தான்.

அதன்பிறகு எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. பொழுது சாய்வதற்குள் புது விண்டோஸ் வந்து நின்றது. திரை நடுவே பெரிதாக ஒரு நீலப் பூ விரிந்திருந்தது.

“பாருங்க தம்பி, பூவோடவே வந்திருக்குது!” என்று மகுடேஸ்வரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எங்க, அந்த ஜாதகத்தையெல்லாம் ஒருக்காத் தொறங்க. இனி முடிஞ்சுபோச்சுன்னு வராதல்ல?”

தரணீதரன் சின்ன பாகத்தைத் திறந்தான். அதில் பழைய விண்டோஸ் செத்துக் கிடந்தது. ஜாதகங்கள் இல்லை. பெரிய பாகத்தைத் திறந்தான். அதில் புது விண்டோஸ் இருந்தது. ஜாதகங்கள் இல்லை.

அப்போதுதான் அவன் மூளையில், ஒரு தென்னந்தோப்புக்கு மேல் ஒரு டிரோன் மெதுவாக வட்டமடித்தது. பிறகு இன்னொரு தோப்பு. அதன்பிறகு இன்னொன்று. கொங்கு நாட்டில் பெண் தேடும் வீடுகளின் தோப்பு, கிணறு, மாடி வீடு எல்லாம் அந்தப் பெரிய பாகத்தில்தான் இருந்திருக்கின்றன.

மறுபடியும் ராஜ்கமலுக்குப் போன் போட்டான். “மேலயே புதுசை ஏத்திட்டீங்களா? இனி ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா.”

தரணீதரன் போனை வைத்தான். வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘முடிச்சரலாமுங்க’ வரவில்லை.

“மன்னிச்சுக்குங்க ஐயா” என்றான். “எல்லாமே போயிருச்சுங்க. பெருசுலதான் ஜாதகம் இருந்திருக்குது. காலர் மெஷின் மாதிரிதான் இதுவும்னு நெனச்சு வந்துட்டனுங்க.”

வருஷக்கணக்காகச் சேர்த்த மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில் காணாமல் போயிருந்தார்கள். மகுடேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்து நீலப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். தரணீதரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு பொருத்தமும் போய்விட்டது. இனி அந்த ‘ஆகுமுங்களா’ வேறு யாருக்கோ. முகத்தைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தான். கூடவே மடித்த காகிதம் ஒன்று வந்து கீழே விழுந்தது.

ஜனனி குனிந்து எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள்.

“ஏனுங்கப்பா, ஜாதகம் ஒண்ணு மட்டும் இங்க கெடக்குதுங்க.”

மகுடேஸ்வரன் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார். மெல்ல எழுந்து நின்றார்.

“சாமி செவப்புப் பூக் குடுத்துது. எல்லாத்தையும் அழின்னு சொல்லுச்சு. அழிச்சதுக்கப்பறம் மிச்சம் கெடக்கறது இது ஒண்ணுதான். இதைவிட வெளிப்படையா சாமி எப்படீங்க சொல்லும்? நாந்தான் ஒம்பது ஒம்பதுன்னு கண்ணு தெரியாம இருந்திருக்கறேன்!”

“அதுல ஆறு பொருத்தந்தானுங்களே ஐயா” என்றான் தரணீதரன், நேர்மையாக.

“சாமியே சேத்து வெச்சதுக்கப்பறம் ஆறென்ன ஒம்பதென்னுங்க? பெரியவங்க மனசறிஞ்சு நடக்கற பையன்னு காலையிலயே பாத்துட்டேன். ஐயாங்கறதை விடுங்க. மாமான்னே கூப்புடுங்க. என்ன கண்ணு, உனக்குச் சம்மதந்தானே?”

“உங்க இஷ்டமுங்கப்பா” என்றாள் ஜனனி. தலையைக் குனிந்துகொண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

தரணீதரன் மாடிப்படியில் இறங்கி வந்தபோது தரையில் கால் படவில்லை. பாதிப் படிக்குள் பழைய தைரியம் வந்துவிட்டது. வாசலுக்கு வந்தபோது அது இரண்டு மடங்காகியிருந்தது. யோசித்துப் பார்த்தால் எல்லாம் தன் சாமர்த்தியம்தான். வேலையை எடுத்தான், ஒரே நாளில் முடித்தான், பெண்ணையும் வாங்கிவிட்டான். இனி இந்த ஊரில் யாருக்குக் கம்ப்யூட்டர் மாற்ற வேண்டியிருந்தாலும் யோசிக்காமல் போகலாம்.

கீழே ராமுத்தாய் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து அந்த வீட்டில் சமையலும் பூச்செடியும் பார்த்துக்கொள்பவள். பிரிக்காத இரண்டாவது பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று தரணீதரனுக்குத் தோன்றியது.

“ஏனுங்கக்கா, மேல சாமி படத்துக்கு முன்னால ஒரு பொட்டலம் இருக்குது. அந்த வெள்ளைப் பூவைச் சித்த எடுத்துக் குடுக்கறீங்களா?”

ராமுத்தாய் விளக்குமாற்றை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெள்ளப் பூவு ஏது தம்பி? ‘சுவிட்ச அமத்திட்டேன்க்கா, இனி அப்பா எப்படியும் பூத்தான் கேப்பாரு, ரெண்டு பொட்டலத்துக்குமே செவப்பாப் பறிச்சுக் குடுங்க’ன்னு ஜனனிப் பாப்பா காலையிலயே எங்கிட்ட வாங்கிட்டுப் போயிருச்சே!”